ஃப்ரீலான்ஸ் காண்ட்ராக்ட்ல போனஸ் பேசுறது எப்படி? "பாத்துப் பண்றேன்"னு சொன்னா விட்றாதீங்க

ராமேஸ்வரம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி பக்கம் வீட்ல இருந்தே டிசைன், வெப்சைட், ஆன்லைன் விளம்பரம்னு வேலை பாக்குற பிள்ளைங்க இப்ப நிறைய இருக்காங்க. கிளையன்ட் யாருன்னு பாத்தா பெரும்பாலும் தெரிஞ்ச ஆளுங்கதான், லாட்ஜ் வச்சிருக்கிறவரு, ஆன்லைன்ல கருவாடு விக்கிறவரு, முண்டு மிளகா யாவாரி, இல்லன்னா சென்னையிலயோ துபாய்லயோ கடை போட்ட நம்ம ஊர்க்காரரு. மாச ஃபீஸ் பேசுறது கூட ஈஸி, போனஸ்னு வாயத் தொறந்தா மட்டும் "வேலை நல்லாப் போகட்டும் தம்பி, பாத்துப் பண்றேன்"னு முடிச்சிருவாங்க.

அந்த வார்த்தைய நம்பி வேலைய ஆரம்பிக்காதீங்க. சொல்றவரு தங்கமான மனுசனாவே இருக்கலாம், அது விசயமே இல்ல. என்ன, எவ்வளவுன்னு நிச்சயமா சொல்ல முடியாத ஒப்பந்தம் செல்லாதுன்னு 1872ம் வருச இந்திய ஒப்பந்தச் சட்டத்துல 29வது பிரிவே இருக்கு. கம்பெனியில சம்பளத்துக்கு இருக்கிறவங்களுக்கு ஒரு சம்பள வரம்புக்குள்ள 8.33 சதவீதம் குறைஞ்சபட்ச போனஸ்னு சட்டம் நிக்கிது, நமக்கு அப்படி எதுவும் கிடையாது, எழுத்துல வாங்குனது மட்டுந்தான் நம்ம போனஸ்.

முதல்ல ஃபீஸ். "மாசம் 15,000 கேக்குறீங்க, 8,000 வச்சுக்கங்க, மிச்சத்த போனஸ்ல எடுத்துக்கலாம்"னு ஒரு பேச்சு கட்டாயம் வரும். இதுக்கு ஒத்துக்காதீங்க, ஏன்னா ஃபீஸ் நம்ம உழைப்புக்கு, போனஸ் ரிசல்ட்டுக்கு, அந்த ரிசல்ட்டுல பாதி நம்ம கையில இல்ல, ரூம்ல ஏசி ஓடலைன்னா ரிவ்யூ கெடும், ஃபோன் எடுக்க ஆள் இல்லைன்னா புக்கிங் போயிரும், அதுக்கு நம்ம விளம்பரம் என்ன பண்ணும்? மரியாதையாவே சொல்லலாம்: "அண்ணே, ஃபீஸ் அப்படியே இருக்கட்டும், அதுல கை வைக்க வேணாம். எக்ஸ்ட்ரா யாவாரம் வந்தா மட்டும் அதுல எனக்கு ஒரு பங்கு குடுங்க, வரலைன்னா ஒண்ணும் வேணாம்." கீழக்கரைப் பக்கம்னா அண்ணனுக்குச் சொல்ற மாதிரி "காக்கா"ன்னு சொல்லிக்கங்க, விசயம் ஒண்ணுதான். இப்படிச் சொன்னா அவருக்கும் பயம் இல்ல, வராத காசுல இருந்து யாரும் கேக்கலையே.

அடுத்தது, எக்ஸ்ட்ரான்னா எதுக்கு மேல எக்ஸ்ட்ரா? சண்டை வர்ற இடமே இதுதான், அதனால இங்க நேரம் எடுத்துப் பேசுங்க. ராமேஸ்வரம் லாட்ஜையே எடுத்துக்குவோம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் நீங்க விளம்பரமே போடலைன்னாலும் ரூம் ரொம்பிரும், அந்தக் கூட்டத்த நாந்தான் கொண்டாந்தேன்னு சொன்னா அவரு ஒத்துக்க மாட்டாரு, ஒத்துக்கவும் கூடாது. சரி, போன வருசம் இதே மாசத்தோட ஒப்பிடலாம்னா அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, ஆடி அமாவாசை 2024ல ஆகஸ்ட் 4, 2025ல ஜூலை 24, ஜூலைய ஜூலையோட வச்சுப் பாத்தா ஒரு வருசம் நீங்க ராஜா, இன்னொரு வருசம் பூஜ்யம். அதனால ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்னு மூணு மாசத்த சேத்து ஒப்பிடுங்க.

எந்த வருசத்தோட ஒப்பிடுறோம்ங்கிறதும் முக்கியம். 2022 டிசம்பர்ல பழைய பாம்பன் பாலத்துல ரயில் போக்குவரத்து நின்னுச்சு, 2025 ஏப்ரல் 6ந்தேதி புதுப்பாலம் திறந்தப்புறம்தான் ராமேஸ்வரம் வரைக்கும் திரும்ப ரயில் வந்துச்சு. ரயில் இல்லாத வருசத்துக் கணக்க அடிப்படையா வச்சா உங்களுக்கு லாபம்தான், ஆனா கிளையன்ட் மூணாவது மாசமே கேள்வி கேப்பாரு, அப்புறம் உறவே கெட்டுரும். நியாயமான அடிப்படைய நீங்களே முதல்ல சொல்லிட்டா மத்த விசயத்துல உங்க பேச்சுக்கு ஒரு வெயிட்டு இருக்கும்.

கருவாடு, மீன் விக்கிறவருன்னா ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, சரக்கு குறையும். நீங்க ஆர்டர் புடிச்சுக் குடுத்து அவருகிட்ட சரக்கு இல்லைன்னா அது உங்க குத்தமா? "சரக்கு இல்லாம ரத்தான ஆர்டரும் போனஸ் கணக்குல சேரும்"னு ஒரு வரி போட்ருங்க, இல்லன்னா அந்த ரெண்டு மாசத்துக்கு டார்கெட்ட தனியா குறைச்சு எழுதுங்க.

சதவீதம் பேசும்போது வித்த பணத்துல சதவீதமா, லாபத்துல சதவீதமான்னு கேளுங்க. நம்ம போட்ல பங்கு பிரிக்கிறப்ப டீசல், ஐஸ் செலவெல்லாம் கழிச்சுட்டுத்தான் பங்கு போடுவாங்க, ஆனா அங்க எவ்வளவு டீசல்னு கூடப் போன எல்லாருக்கும் தெரியும். கிளையன்டோட செலவுக் கணக்கு நமக்குத் தெரியாது, அதனால லாபத்துல 10 சதவீதம்னு பெருசா சொல்றத விட வித்ததுல 2 சதவீதம் எவ்வளவோ மேல். அதையும் விடச் சுலபம் ஒரு புக்கிங்குக்கு இவ்வளவு ரூபாய்னு வைக்கிறது.

எண்ணிக்கைக்கு வைக்கும்போதும் "40 புக்கிங் தொட்டா 5,000, இல்லன்னா இல்ல"ன்னு மட்டும் வச்சுறாதீங்க. 39ல நின்னா கையில ஒண்ணும் இருக்காது, அந்த ஒரு புக்கிங்க அடுத்த மாசத்துக்குத் தள்ளிவிடுறதும் கஷ்டமில்ல. 25க்கு மேல ஒவ்வொரு புக்கிங்குக்கும் 250ன்னு வைங்க, 40 வந்தா 3,750, 45 வந்தா 5,000, ஒரு நம்பர்ல எல்லாமே போற பயம் இல்ல. அவரு உச்சவரம்பு கேட்டா மூஞ்சிய தூக்கிக்க வேணாம், மாசம் 10,000க்கு மேல போகாதுன்னு குடுத்துட்டுப் பதிலுக்குப் பேமென்ட் தேதிய இறுக்கிப் புடிங்க.

யாரு எண்றது? லாட்ஜ் நோட்டு அவருகிட்டதான் இருக்கும், அத நம்பி மட்டும் இருந்தா ஆகாது. உங்க விளம்பரத்துக்குன்னு தனி வாட்ஸ்அப் நம்பரோ தனி கூப்பன் கோடோ வைங்க, அதுல வந்தது எல்லாம் உங்க கணக்கு.

இதெல்லாம் பேசிட்டு எழுதும்போது இப்படி எழுதலாம், ஆடம்பர வார்த்தை எதுவும் தேவையில்ல:

"விளம்பரத்துக்கான தனி வாட்ஸ்அப் நம்பர் வழியா வந்து, தங்கிட்டுப் போன புக்கிங்குகள் மூணு மாசத்துல 75ஐத் தாண்டினால், தாண்டின ஒவ்வொன்றுக்கும் ரூ.250 போனஸ். மூணு மாசம் முடிந்த 5 நாளில் ஃப்ரீலான்ஸர் கணக்கு அனுப்புவார். 5 நாளில் மறுப்பு வராவிட்டால் கணக்கு ஏற்கப்பட்டதாகும். கணக்கு ஏற்கப்பட்ட 15 நாளில் பணம் தரப்படும். காண்ட்ராக்ட்டை யார் இடையில் முடித்தாலும், அதுவரைக்கும் வந்த புக்கிங்குக்கு, 75ஐ நாள் கணக்கில் குறைத்து, போனஸ் உண்டு."

அந்தக் கடைசி வரிய யாரும் போடுறதில்ல, சீசனுக்கு ஒரு வாரம் முன்னாடி "நாங்களே பாத்துக்கிறோம்"னு அனுப்பிவிட்டா அப்பத்தான் அதோட அருமை தெரியும். தயவுசெஞ்சு விட்றாதீங்க.

பேமென்ட் தேதிக்கு இன்னொரு பலம் உத்யம் பதிவு, அதாவது சின்னத் தொழில் பண்றவங்களுக்கான அரசாங்கப் பதிவு. ஆன்லைன்ல இலவசம், ஏஜென்ட்டுக்குக் காசு குடுக்காதீங்க, வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பதிஞ்சு வைங்க. 2006ம் வருச எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி எழுத்துல தேதி இருந்தாலும் 45 நாளுக்கு மேல போகக்கூடாது, எழுத்துல இல்லைன்னா 15 நாள், தாண்டினா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட்டப் போல மூணு மடங்கு, மாசாமாசம் கூட்டுவட்டி. தெரிஞ்சவங்க மேல போய்ப் புகார் குடுக்கச் சொல்லல, ஆனா இன்வாய்ஸ்ல உத்யம் நம்பர் இருந்தாலே கம்பெனி ஆடிட்டரு சீக்கிரம் பேமென்ட் போடச் சொல்லுவாரு, ஏன்னா லேட்டானா அவங்களுக்கு வரியில அந்தச் செலவக் கழிக்கிறது தள்ளிப்போகும்.

போனஸ்லயும் டிடிஎஸ், அதாவது வரிக்குன்னு முன்னாடியே கழிக்கிற காசு, புடிக்கலாம், புடிச்சா அது உங்க வரிக் கணக்குல வரவு வருதான்னு பாத்துக்கங்க. துபாய் கிளையன்ட்னா எந்தக் கரன்ஸி, பேங்க் சார்ஜ் யாரு தலையிலங்கிறத மட்டும் சேத்து எழுதுங்க.

பேசி முடிச்ச அன்னைக்கே ஒரு ஈமெயில் போடுங்க: "அண்ணே, இன்னைக்குப் பேசுனது இதுதான், சரின்னா 'சம்மதம்'னு ஒரு பதில் மட்டும் போடுங்க, நான் திங்கக்கிழமை வேலைய ஆரம்பிக்கிறேன்." ஈமெயில்ல போட்ட ஒப்பந்தமும் செல்லும், தகவல் தொழில்நுட்பச் சட்டம் (ஐடி சட்டம்) 10ஏ பிரிவுல இருக்கு. பதில் வரலைன்னா திரும்ப ஒரு தடவ கேளுங்க, அப்பவும் வரலைன்னா போனஸ மறந்துட்டு ஃபீஸுக்கு மட்டும் வேலை செய்ய முடியுமான்னு யோசிச்சு முடிவெடுங்க, முடியாதுன்னா திங்கக்கிழமை ஆரம்பிக்க வேணாம்.