பழைய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர்களை ஒப்பிட்டு வாங்குவது எப்படி

சுவிஸ் கைக்கடிகாரம் சேர்க்கத் தொடங்குபவர்கள் ஒமேகாவா, ரோலெக்ஸா என்று நிறுவனங்களை ஒப்பிடுவதிலேயே காலத்தைக் கழிக்கிறார்கள். ஒரே மாதிரியைச் சேர்ந்த இரண்டு பழைய கடிகாரங்களை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் கண் பழகும். 1957 முதல் தயாராகிவரும், ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் அதற்கு நல்ல பாடம்.

முதலில் பின்மூடியைத் தேர்ந்த கடிகாரப் பழுதுபார்ப்பவர் ஒருவரைக் கொண்டு திறக்கச் செய்யுங்கள். உள்ளே ஓடும் மெஷினின் மாதிரி எண் 321ஆ, 1968இல் அதன் இடத்துக்கு வந்த 861ஆ என்பதைப் பொறுத்து விலை வெகுவாக மாறும். 321இல் ஸ்டாப்வாட்ச் பகுதியைத் தூண்சக்கரம் (சிறு தூண்கள் நிற்கும் சக்கரம்) ஒன்று கட்டுப்படுத்துகிறது. 861இல் தயாரிப்பதற்கு எளிதான கேம் என்னும் வடிவத் தகடு அந்த வேலையைச் செய்கிறது. முன்னது நொடிக்கு 5 முறையும் பின்னது 6 முறையும் துடிக்கும் என்பதால், பழகிய காது மூடியைத் திறக்காமலே ஓரளவு கண்டுபிடித்துவிடும். அன்றாடம் கட்டிக்கொள்வதற்கு 861 எந்த விதத்திலும் குறைந்ததன்று. 321க்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வரலாற்றுக்கான விலையே என்பது என் எண்ணம்.

அடுத்து டயலை உருப்பெருக்கியில் பாருங்கள். அடியில் 'டி சுவிஸ் மேட் டி' என்றிருந்தால், ஒளிரும் புள்ளிகளில் பூசப்பட்டது டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த பூச்சு. டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், சுமார் 12 ஆண்டுகள்தான் என்பதால் இன்று அது இருட்டில் ஒளிரக் கூடாது. டார்ச் வெளிச்சம் காட்டி அணைத்த பின்னும் நெடுநேரம் பச்சையாக மின்னினால், பிற்காலத்தில் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். டயல் புள்ளிகள் பழுப்பேறியும் முட்கள் வெள்ளை வெளேரென்றும் இருந்தால், முட்கள் மாற்றப்பட்டிருக்கலாம்.

கேஸில், அதாவது கடிகாரத்தின் உலோக உடலில், நான் அதிக நேரம் செலவிடுவது பட்டையைப் பிடித்திருக்கும் கொம்புகளான லக்குகளில்தான். 1960களின் நடுவிலிருந்து வந்த கேஸ்களில் லக்குகள் முறுக்கினாற்போல் வளைந்திருக்கும். மெருகேற்றிய சரிவும் கோடுகள் ஓடும் பக்கவாட்டும் சந்திக்கும் விளிம்பு கத்திபோல் கூர்மையாக இருக்க வேண்டும். பலமுறை பாலிஷ் போட்ட கடிகாரத்தில் அந்த விளிம்பு கரைந்த சோப்பைப் போல் உருண்டுவிடும். இழந்த உலோகத்தை எளிதில் மீட்க முடியாது. கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையமான பெசலில் 90 என்ற எண்ணுக்கு மேலே புள்ளி இருந்தால் பழையது, பக்கத்தில் இருந்தால் பிற்காலத்தது. ஒரு 321இல் பிற்கால பெசலைக் கண்டால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

வரிசை எண் ஆவணத்தோடு பொருந்துகிறது என்ற ஒரே காரணத்தால் வாங்கிவிடாதீர்கள். 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விலைபோன ஆரம்பகால ஸ்பீட்மாஸ்டர் ஒன்று, பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டப்பட்டது என்று 2023இல் தெரியவந்தது. அதை வாங்கியது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகமே.

வாங்கிய பின் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது, கேஸுக்குப் பாலிஷ் போடக் கூடாது, டயலையும் முட்களையும் மாற்றக் கூடாது, எதையேனும் மாற்றியே தீர வேண்டுமென்றால் பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.