கையைக் கட்டிவிட்டுச் சிரையைத் தேடாதீர்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு லேபில் பதினெட்டு வருடமாக ரத்தம் எடுக்கிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் நான் அன்று செய்த தவறுகளையே செய்கிறார்கள். கையுறை, ஸ்பிரிட் பஞ்சு, பெயர் சரிபார்ப்பு எல்லாம் பாடத்திலேயே இருக்கிறது. நான் சொல்ல வருவது வேறு.

கட்டை அவிழ்க்காமல் விடுவது

இன்றும் பார்த்தால் கோபம் வருவது இதற்குத்தான். மேற்கையில் கட்டும் ரப்பர் பட்டையான டூர்னிகெட்டை இறுக்கிய பிறகு ஊசியைப் பிரிப்பார்கள், டியூபில் பெயர் எழுதுவார்கள், அப்புறம்தான் சிரையை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் குழாயை, தடவுவார்கள். நடுவே, "நல்லா மூடி மூடித் தெறங்கண்ணே" என்பார்கள்.

சிரையின் சுவர் மெல்லியது, உள்ளே அழுத்தமும் குறைவு. கட்டியதும் நசுங்கிவிடும். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் தமனிக்குச் சுவர் தடிமன், அழுத்தம் அதிகம். அதில் ரத்தம் வந்துகொண்டே இருக்கும். வந்தது திரும்ப வழியில்லாமல் தேங்கும். தந்துகிகள் என்னும் மயிரிழைக் குழாய்களில் நீர் கசிந்து வெளியேற, புரதமும் அணுக்களும் அடர்ந்துபோகும். கையை மூடித் திறந்தால் தசையிலிருந்து பொட்டாசியமும் அதில் வந்து சேரும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், துறைமுகம் பக்கமிருந்து ஒரு மீனவர் வந்தார். வலை இழுத்த கை. சிரை கயிறு மாதிரி புடைத்திருந்தது. கட்டே வேண்டியதில்லை. நான் கட்டினேன், மூன்று நிமிடம் விட்டேன், மூடித் திறக்கவும் சொன்னேன். பொட்டாசியம் 6.1. இருக்க வேண்டியது 3.5 முதல் 5 வரை. இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடுமோ என்று பயந்து, ராத்திரியோடு ராத்திரியாகக் கார் பிடித்துப் பாண்டிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எடுத்ததில் 4.3. கார் வாடகைக்கு அவர் மனைவி தோட்டை அடகு வைத்தது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு நிமிடத்துக்குள் அவிழ்த்துவிடுங்கள். சிரை அகப்படவில்லையா, அவிழ்த்து இரண்டு நிமிடம் விட்டு மறுபடி கட்டுங்கள்.

முடிச்சில் குத்துவது

முன்கைச் சிரையில் அங்கங்கே தட்டுப்படும் சின்ன முடிச்சுதான் வால்வு. ரத்தத்தை இதயத்தின் பக்கம் மட்டும் விடும் கதவு அது. ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-ல் வெளியிட்ட நூலில் இதைப் படம் போட்டே காட்டினார்: கையைக் கட்டி, முடிச்சுக்குக் கீழே ஒரு விரலால் சிரையை அழுத்தி, இன்னொரு விரலால் முடிச்சு தாண்டி மேல்நோக்கி வழித்தால், வழித்த இடம் வெறுமையாகவே நிற்கும். உங்கள் கையிலேயே செய்து பாருங்கள். ஊசி போக வேண்டியது இரண்டு முடிச்சுக்கு நடுவே, நேராக ஓடும் இடத்தில்.

சிரையை "நரம்பு" என்பது

நோயாளி சொல்லட்டும், நீங்கள் சொல்லாதீர்கள். முழங்கை மடிப்பின் உட்பக்கம் நிஜமான நரம்பும் தமனியும் பக்கத்திலேயே ஓடுகின்றன. விரலுக்குத் துடித்தால் அது தமனி. குத்தியதும் விரல்வரை ஷாக் அடிக்கிறது என்று சொன்னால் அந்தக் கணமே ஊசியை எடுங்கள்.

பஞ்சு வைத்துக் கையை மடக்கச் சொல்வது

வேண்டாம். கையை நீட்டியபடியே அழுத்தட்டும்.