தொண்டிக் கடலுக்கு ஒரு மகமை: செட்டிநாட்டிலிருந்து மீன்வளம் காக்கும் வழி

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் வந்து சேரும் நண்டும் இறாலும் விளைமீனும் பெரும்பாலும் தொண்டி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் முதலிய பாக் விரிகுடாக் கரைகளில் அதிகாலையில் ஏலம் போனவை. நம் வீட்டு நண்டு மசாலாவும் சுறாப்புட்டும் அந்தக் கடலை நம்பியிருக்க, கோயிலுக்கும் ஊருணிக்கும் பாடசாலைக்கும் கட்டளை (நிலையான அறக்கொடை) எழுதிவைத்த நம் ஊர்களில் கடலுக்கென்று எழுதப்பட்ட பேரேட்டுப் பக்கத்தைக் காண்பது அரிது. சிக்ரி எனப்படும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வரவேண்டும் என்பதற்காக வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அவ்வளவு பெரிய கொடை நம்மில் பலரால் இயலாது. ஆயினும், வணிகத்தில் வரும் ஒவ்வொரு ரூபாயிலும் ஒரு சிறு பங்கை அறத்துக்கென ஒதுக்கும் மகமை முறை எல்லோர் கைக்கும் எட்டுவது. கடலுக்கான நிதியை அம்முறையில் திரட்டுவதே சரி என்று நான் கருதுகிறேன்.

பணம் சேர்ப்பதற்கு முன்னால், உதவவேண்டிய கரை எது என்பதை முடிவு செய்யுங்கள். முழுக் கடற்கரைக்கும் உதவ நினைத்தால் எந்த ஊருக்கும் உதவி சேராது. ஒரே ஒரு மீனவ ஊரைத் தேர்ந்து, குறைந்தது 5 ஆண்டுகள் அவ்வூருடன் இருப்பது என்று உறுதி கொள்ளுங்கள். தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாகத் தொண்டிக்குப் போவது சிறிய பயணமே. முதல் இரண்டு மூன்று முறை காசோலையோ திட்ட அறிக்கையோ கொண்டு செல்லாமல், கேட்பதற்காக மட்டும் செல்லுங்கள். இக்கரையில் சில ஊர்களில் ஜமாஅத்தும், சில ஊர்களில் கோயில் சார்ந்த ஊர்ப் பஞ்சாயத்தும், காரங்காடு போன்ற ஊர்களில் தேவாலயப் பங்கும் முடிவெடுக்கும் இடங்களாக இருக்கின்றன. அவர்களைக் கலந்த பின்னரே தனி மனிதர்களிடம் பேசுவது முறை. ஏலம் எடுக்கும் வியாபாரிகளையும், கருவாடு போடும் பெண்களையும், நாட்டுப்படகுக்காரர்களையும் தனித்தனியே சந்தியுங்கள். ஒரே கடலைப் பற்றி மூவர் சொல்வதும் வெவ்வேறாக இருக்கும். விசைப்படகுகளுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுகளுக்கு 4 நாள் என்ற ஏற்பாடு இப்பகுதியில் நெடுங்காலமாக இருப்பதால், யாருக்கு எது தொழில் நாள் என்று அறிந்து கூட்டத்துக்கு நாள் குறிக்கவேண்டும். தொழில் நாளில் மீனவரைக் கூட்டத்துக்கு அழைப்பது அவருடைய அன்றைய வருமானத்தைக் கேட்பதற்குச் சமம்.

பணத்தை எதற்குக் கொடுப்பது என்பதில்தான் மிகுந்த நிதானம் வேண்டும். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். வெளிச்சம் அடித்தரை வரை இறங்குவதால் அங்கே கடற்புல் பரந்து வளர்கிறது. கரையோர மக்கள் அதைத் தாழை என்பார்கள். ஓராவும் விளைமீனும் நண்டுக் குஞ்சும் இறால் குஞ்சும் அதில் ஒளிந்து வளர்கின்றன. அதை மேய்ந்து வாழும் ஆவுளியா என்னும் கடற்பசுவுக்காக, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் ஆவுளியாவுக்கென ஏற்பட்ட முதல் பாதுகாப்பகம் அதுவே. அடித்தரையை உரசிச் செல்லும் இழுவைமடி என்னும் விசைப்படகு வலை இந்தத் தாழையை வேரோடு பெயர்த்துவிடுகிறது. பெயர்ந்த இடத்தில், மூங்கில் சட்டத்தில் கயிறு கட்டி, அதில் தாழைக் கன்றுகளைப் பிணைத்து, கடலடியில் பதித்து மீண்டும் வளர்க்கும் முறை இக்கரையில் பலன் தந்திருக்கிறது. இதில் மூங்கிலும் கயிறும் சிறு செலவுதான். மூழ்கி நடும் மீனவர்களின் கூலியும், சில மாதங்களுக்கு ஒருமுறை போய்ப் பார்க்கும் படகுச் செலவுமே பெரியவை. ஆகவே நன்கொடை தருபவர் நடவுக்கு மட்டும் பணம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பாமல், 3 ஆண்டுக் கண்காணிப்புக்கும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். நட்ட இடத்தின் மேல் மீண்டும் மடி இழுபட்டால் எல்லாம் வீண் என்பதால், அந்த இடத்தை விட்டு விலகித் தொழில் செய்வதாக விசைப்படகுச் சங்கத்தின் ஒப்புதல் கிடைத்த பிறகே முதல் ரூபாயைச் செலவிடுங்கள்.

சிறு தொகையில் தொடங்க விரும்புவோருக்கு நான் முதலில் சொல்வது சினை நண்டுத் தொட்டி. வலையில் சிக்கிய சினை நண்டை விற்றுவிட்டால், அதன் வயிற்றடியில் ஒட்டியிருக்கும் லட்சக்கணக்கான முட்டைகளும் அதனோடு போய்விடும். அதையே காற்றூட்டிய கடல்நீர்த் தொட்டியில் வைத்திருந்தால், மஞ்சளாக இருந்த சினை கருத்து, பொரிந்து, குஞ்சுகள் நீரில் கலக்கும். அந்நீரைக் கடலில் விட்டபின் தாய் நண்டை மீனவர் விற்றுக்கொள்ளலாம். தொட்டிகள், காற்றூட்டும் மோட்டார், மின்தடைக்கு ஒரு பேட்டரி, பார்த்துக்கொள்ள ஒருவருக்குச் சம்பளம் ஆகியவையே தேவை. பொரியும் வரை காத்திருப்பதால் நண்டு இளைத்தோ இறந்தோ போனால் அந்த நட்டம் மீனவர் தலையில் விழக்கூடாது. எடைக்கு உரிய விலையை அன்றே கொடுத்துவிட ஒரு சுழல் நிதி வையுங்கள். பெருமைக்குரிய திட்டமாக இது தோன்றாமல் போகலாம். ஆனால் மீனவரே தம் கையால் செய்து தம் கண்ணால் பலனைப் பார்க்கும் வேலை இது. ஊரின் நம்பிக்கை இதில் தொடங்குவதே நல்லது.

அலையாத்தி என்னும் சதுப்புநில மரத்தை நடுவதற்குப் பலர் ஆசைப்படுகிறார்கள். வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டலும் இல்லாமல் அதைத் தொடவேண்டாம். கடல் ஓதம் ஏறி இறங்காத இடத்தில் நட்டால் கன்று கருகிவிடும். தாழை வளரும் சேற்றில் நட்டால் இருக்கிற வளமும் கெடும். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டிக் கடல்நீரைப் பாயவிட்ட பின்னரே காடு திரும்பியது. காரங்காட்டில் வனத்துறை ஊர் மக்களுடன் சேர்ந்து நடத்தும் படகுச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். அங்கே கட்டும் கட்டணமும் ஓர் உதவியே.

இனி, நிதி திரட்டும் முறை. செட்டிநாட்டில் ஒரு மெஸ் நாளைக்கு 40 கிலோ கடல் உணவு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 2 ரூபாய் மகமை என்றால் நாளுக்கு 80 ரூபாய். ஆண்டில் 300 நாளுக்கு 24,000 ரூபாய். பத்து மெஸ்கள் சேர்ந்தால் 2,40,000 ரூபாய் கிடைக்கும். ஒரு தொட்டியும் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளும் அதற்குள் அடங்கிவிடும். நகரத்தார் ஊர்களில் கோயில் வரியைப் புள்ளிக் கணக்கில் (மணமான குடும்பம் ஒன்று ஒரு புள்ளி) எடுப்பது போல, விரும்பும் குடும்பங்கள் புள்ளிக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று தரலாம். திருமணம், மணிவிழா நாள்களில் மொய்யோடு கடல் மகமையையும் எழுதலாம். மொத்தமாகத் தர வல்லவர்கள் முதல் வைத்து வட்டியைச் செலவிடும் கட்டளையாகத் தரட்டும்: 25 லட்சம் ரூபாயை 7 விழுக்காட்டு வட்டியில் வைத்தால் ஆண்டுக்கு 1,75,000 ரூபாய் வரும். கோயிலுக்கோ பாடசாலைக்கோ முன்னோர் எழுதிய கட்டளைப் பணத்தை மட்டும், எவ்வளவு நல்ல எண்ணத்தோடும், இதற்குத் திருப்பாதீர்கள்.

தொகை சேரத் தொடங்கியதும் ஒருவர் பெயரிலான வங்கிக் கணக்கில் வைக்காமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த அறக்கட்டளையாகவோ, 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிந்த சங்கமாகவோ அமைத்துக்கொள்ளுங்கள். 80ஜி என்று நாம் அறிந்த நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கே பயன்படும். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு அது கிடைக்காது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர்கள் அனுப்பும் பணம் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் கீழ் வரும். அதற்கான பதிவு இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக்கூடாது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அந்தத் தடை இல்லை. பெரிய நிறுவனங்களில் பொறுப்பில் இருக்கும் நம்மவர்கள், 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் விதிக்கும் 2 விழுக்காட்டுச் சமூகப் பொறுப்பு நிதியில் சுற்றுச்சூழல் பணிகளும் அடங்கும் என்பதை நினைவில் கொண்டு, நம் அமைப்பு அதற்குரிய பதிவைப் பெற்ற பின் விண்ணப்பிக்க உதவலாம்.

திட்டம் சரியா என்று சொல்லத் தகுந்தவர்கள் அருகிலேயே இருக்கிறார்கள். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டி வளாகத்தில் இயங்குகிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் நிலையம் பச்சை வரி இறால் குஞ்சுகளை வளர்த்துக் கடலில் விட்டுவருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை வந்து தாழையையும் நண்டு வரத்தையும் அளந்து சொல்லும்படி மாணவர்களைக் கேட்டு, அவர்களின் பயணப்படியை மகமையிலிருந்து கொடுங்கள். இன்னொரு வேலைக்கான செலவைக் குறைத்தாவது இதைச் செய்யவேண்டும் என்பேன்.

விதிகளைப் பொறுத்தவரை ஒன்று சொல்லவேண்டும். வெளியிலிருந்து போகும் நாம் எந்தக் கட்டுப்பாட்டையும் விதிக்கத் தகுதி உடையவர்கள் அல்லர். மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று தாங்களே முடிவு செய்தார்கள். அத்தகைய முடிவே நிலைக்கிறது. நம்மால் விதிக்க முடிந்தவை நம் அடுப்படிக்கு உரியவை: சினை நண்டு வாங்குவதில்லை, பொடி நண்டு வாங்குவதில்லை என்று மகமை தரும் மெஸ்கள் ஏலக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்.

கணக்கை 3 மாதத்துக்கு ஒருமுறை ஐந்தொகை எடுத்து, நம் ஊரிலும் அந்த மீனவ ஊரிலும் உரக்கப் படியுங்கள். செலவுக் கையொப்பம் இரண்டு ஊர்களுக்கும் பொதுவாக இருக்கட்டும். கரையிலிருந்து கையெழுத்திடும் இருவரில் ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. தொகையை மூன்று தவணையாகக் கொடுங்கள். முதல் தவணை பொருள் வாங்க, இரண்டாவது வேலை நடக்கும்போது, மூன்றாவது ஓராண்டு பராமரித்த பின்.

தொடங்குவதற்கு ஏற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலை பின்னிக்கொண்டே பேச மீனவர்களுக்கு நேரம் இருக்கும். மாசியில் மெஸ்காரர்களைக் கூட்டி மகமையை முடிவு செய்து, பங்குனியில் பதிவு வேலையைத் தொடங்கி, சித்திரையில் அந்த ஊருக்குப் பேசப் போனால், தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போகும் நாளில் நண்டுத் தொட்டி நீர் நிரம்பித் தயாராக இருக்கும்.