ஒரு பொருள் செல் சவ்வை எவ்வழியில் கடக்கிறது என்று கண்டறியும் முறை

கடத்தல் முறைகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, பொருளின் தன்மையிலிருந்து விடையை வருவித்துக்கொள்வதே நல்லது.

முதலில், அப்பொருள் கொழுப்பில் கரையுமா என்று பாருங்கள். சவ்வின் நடுப்பகுதி பாஸ்போலிப்பிடுகள் என்னும் கொழுப்பு மூலக்கூறுகளின் நீர்வெறுக்கும் வால்களால் ஆனது என்பதால், ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, ஸ்டீராய்டு ஹார்மோன்கள் ஆகியவை எளிய பரவலாலேயே, அதாவது புரதத்தின் துணையின்றியே, கடந்துவிடுகின்றன. அளவை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். சோடியம் அயனி மிகச் சிறியதாயினும், மின்னூட்டம் உடையதாலும் நீர் மூலக்கூறுகளால் சூழப்பட்டிருப்பதாலும், புரதத்தின் துணையின்றி அதனால் நுழைய இயலாது. நீரோ இடைப்பட்டது: ஓரளவு தானாகவே கடக்கும், ஆனால் சிறுநீரக நுண்குழல் போன்ற விரைவு தேவைப்படும் இடங்களில் அக்வாபோரின் என்னும் கால்வாய்ப் புரதங்கள் வழிவிடுகின்றன. இவற்றைக் கண்டறிந்ததற்காகப் பீட்டர் ஆக்ரே 2003ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். புரத மூலக்கூறுகள், பாக்டீரியா போன்ற பெரியவற்றைச் செல் தன் சவ்வையே மடித்து விழுங்குகிறது.

அடுத்து, திசையைக் கவனியுங்கள். செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குச் சென்றால் ஆற்றல் செலவில்லை. எதிர்த்திசையில் சென்றால் உண்டு. அயனியாயின் மின்னழுத்த வேறுபாட்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். சவ்வுப் புரதமான சோடியம்–பொட்டாசியம் பம்பு, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவிட்டு 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே கொணர்கிறது.

பெரும்பாலோர் தடுமாறுவது குளுக்கோஸில்தான். சிவப்பணுவுக்குள் அது கடத்திப் புரதத்தின் வழியே, செறிவுச் சரிவைப் பின்பற்றி (செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு), ஆற்றல் செலவின்றி நுழைகிறது. சிறுகுடல் செல்லிலோ, உள்ளே பாயும் சோடியத்துடன் இணைந்து, தன் செறிவுச் சரிவுக்கு எதிராகவும் நுழைய வல்லது. எனவே, எந்தச் செல் என்று கேளாமல் விடை எழுதக் கூடாது.

சோதனைத் தரவு கொடுக்கப்பட்டிருந்தால், செறிவைக் கிடையச்சிலும் கடத்தல் வேகத்தை நிலையச்சிலும் வைத்து வரைபடமாக்குங்கள். நேர்க்கோடாக ஏறினால் எளிய பரவல் என்று கொள்ளலாம். ஓர் உச்சத்தை எட்டி மேலும் ஏறாமல் நின்றால், வரம்புக்குட்பட்ட எண்ணிக்கையிலுள்ள கடத்திகள் நிரம்பிவிட்டன என்று பொருள். பிறகு ஏடிபி உற்பத்தியைத் தடுத்துப் பார்க்கையில், கடத்தல் உடனே நிற்காமல் சிறிது சிறிதாகத் தளர்ந்தால், அது ஏடிபியை நேரடியாகச் செலவிடாமல் சோடியச் சரிவைச் சார்ந்திருக்கிறதா என்று ஆராயுங்கள். அச்சரிவை நிலைநிறுத்தும் சோடியம்–பொட்டாசியம் பம்பு நின்ற பின்னும், அது மறையச் சற்று நேரமாகும்.