தீயணைப்பு வீரர்களின் தொழில்சார் நோய் இழப்பீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணியின்போது கூரை இடிந்து கால் முறிந்தால், அந்த இழப்பீட்டு மனுவில் வாதத்துக்கு அதிகம் இடமில்லை. நாளும் நேரமும் சாட்சியும் இருக்கும். பணியில் சேர்ந்து இருபது ஆண்டுகள் கழித்து வரும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு இவை எதுவும் கிடையாது. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியால், பெரும்பாலும் நுரையீரல் உறையில் வரும் புற்றுநோயான மீசோதெலியோமா வெளிப்பட முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட ஆகலாம். ஆகவே, நோய் தெரிந்த பிறகு ஆவணங்களைத் தேடத் தொடங்குவதே பெரிய தவறு.

நிலையப் பதிவேட்டில் எல்லாம் இருக்கும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். வண்டி புறப்பட்ட நேரமும் திரும்பிய நேரமும் அதில் இருக்கும். எரிந்தது பிளாஸ்டிக் கிடங்கா, பழைய கல்நார்க் கூரையா, தீ அடங்கியபின் இடிபாடுகளைக் கிளறியபோது மூச்சுக் கருவியை எப்போது கழற்றினீர்கள் என்பன பெரும்பாலும் இரா. கண்ணுக்குப் புகை தெரியாத அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் நச்சு வாயுவும் நுண்துகளும் கவசமின்றி உள்ளே போகின்றன. இவற்றை அன்றன்றே குறித்து, நகலைச் சொந்தப் பொறுப்பில் வைத்திருப்பது நல்லது.

மருத்துவச் சான்றில் நேரும் பிழையும் சிறியதன்று. "தொழில் ஒரு காரணமாக இருக்கக்கூடும்" என்று முடியும் கடிதத்தை எதிர்த்தரப்பு எளிதில் ஒதுக்கிவிடும். எந்தப் பொருள்களுக்கு எத்தனை ஆண்டுகள் ஆட்பட்டார், பிற காரணங்கள் ஏன் வலுவற்றவை என்று விளக்கும் கடிதமே நிற்கும். புகைப்பழக்கம் இருந்தால் மறைக்கக் கூடாது. பழைய மருத்துவக் குறிப்பில் அது வெளிப்பட்டால், உண்மையான மற்றத் தகவல்களும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் தீயணைப்புப் பணியையே மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் தொழிலாக வகைப்படுத்தியது. ஆனால் போதிய சான்று உண்டென அது கூறியது மீசோதெலியோமாவுக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும்தான். பெருங்குடல், புராஸ்டேட் போன்றவற்றுக்குச் சான்று வரம்புக்குட்பட்டதே. எனவே அந்த அறிவிப்பை மட்டும் இணைத்தால் போதும் என்பது தப்புக் கணக்கு.

ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், குறிப்பிட்ட நோய்கள் பணியால் வந்தவையே என்று கொள்ளும் சட்ட அனுமானம் உண்டு. அதைத் தானாகக் கிடைக்கும் உரிமையாக எண்ணி இருந்துவிடுவது ஆபத்தானது. ஆஸ்திரேலியாவின் 2011-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் மூளைப் புற்றுநோய்க்கு 5 ஆண்டுப் பணியையும், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு 15 ஆண்டுப் பணியையும் நிபந்தனையாக வைத்தது. பணிக்காலத்தை நிறுவ வேண்டியவர் மனுதாரரே. எதிர்ச்சான்று காட்டி அனுமானத்தை முறியடிக்கவும் பொதுவாக வழி உண்டு.

காலக்கெடு இடத்துக்கு இடம் வேறுபடும். சில சட்டங்களில் நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தும், சிலவற்றில் அது தொழிலால் வந்தது என்று தெரிந்த நாளிலிருந்தும் கணக்குத் தொடங்கும். ஓய்வு பெற்றவர்களும், இறந்தவரின் குடும்பத்தினரும், ஊதியமின்றிப் பணிபுரிந்த தன்னார்வலர்களும் தமக்கு உரிமை இல்லை என்று தாங்களே முடிவுகட்டிவிடக் கூடாது. மனு நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீட்டுக்குத் தனிக் கெடு உண்டு. அது பெரும்பாலும் குறுகியது.

கடைசியாக, மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திடும்போது, எதிர்கால மருத்துவச் செலவைக் கோரும் உரிமையையும் அந்த ஒப்பந்தம் பறித்துவிடுகிறதா என்று வழக்கறிஞரைக் கொண்டு வரிவரியாகப் படிக்கச் செய்யுங்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் திரும்பி வரும் இயல்புடையது; சிகிச்சை முடிந்தபின்னும் ஆண்டுக்கணக்கில் பரிசோதனை தொடரும்.