கதையைக் கழுத்தில் கோக்குமுன்: மணி நகையில் நான் செய்த தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு அலமாரி மேல் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அம்மா 'தமிழ் நேசன்' ஞாயிறு பதிப்பிலிருந்து கத்தரித்து வைத்த சிறுகதைகள் அதில் நிறைய. 1924-ல் தொடங்கிய பத்திரிகை 2019-ல் நின்றுபோனது. டின் மட்டும் மிச்சம். அந்தக் கதைகளைப் படித்துத்தான் பாசிமணி நகை செய்யத் தொடங்கினேன். தீபாவளிச் சந்தையில் நாலைந்து வருடமாக மேசை போடுகிறேன். விற்காமல் திரும்பி வந்தவைதான் இதை எழுதச் சொல்கின்றன.

பெரிய தவறு, கதை முழுவதையும் ஒரே மாலையில் தொங்கவிடுவது. ஒரு கதையில், விடியுமுன் தலைவிளக்கோடு பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்க, போகிறாள் ஒருத்தி. வெட்டி முடிக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொள்கிறது, மங்கில், அதாவது பால் வடியும் கிண்ணத்தில், சேர்ந்த பால் தண்ணீராகிப் போகிறது. நான் மரம், உளி, மங்கு, வாளி, மேகம் என்று ஐந்து தொங்கல் செய்து கோத்தேன். சாவிக்கொத்துக் கடை மாதிரி இருந்தது. அப்புறம் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு, கழுத்தோரம் பால் வெள்ளை மணி, கீழே இறங்க இறங்கப் பாதி ஒளி ஊடுருவும் மணி, அடியில் கண்ணாடி மாதிரித் தெளிந்த மணி என்று கோத்தேன். பாலில் மழை கலப்பது அவ்வளவுதான். கதை தெரியாதவருக்கு அது வெறும் அழகான மாலை. அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

மணி வாங்கும்போது எண்ணைப் பார்த்து ஏமாறுகிறார்கள். எண் கூடக் கூட மணி சின்னது: 6 பெரியது, 15 பொடி. ஒரே 11 என்று போட்டிருந்தாலும் உருண்டை மணி சுமார் 2 மில்லிமீட்டர், உருளை மணி 1.6 வரும். இரண்டையும் கலந்து பின்னினால் ஓரம் அலை அலையாக நெளியும். சாயம் ஏற்றிய மணியை நம் ஊர் வியர்வை சும்மா விடாது. வாங்கியதும் நாலு மணியைச் சோப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். கோக்க, தங்சி என்று இங்கே சொல்லும் தூண்டில் நைலான் மலிவுதான். ஆனால் வெறும் முடிச்சு அதில் நழுவும், நாளாவட்டத்தில் இழையும் விறைத்து முறியும்.

விதை விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். தோட்டத்துக் கதை என்றதும் எல்லோர் கையும் விதைக்குத்தான் போகிறது. சாலையோரம் கொட்டிக் கிடக்கும் சாகா, அதாவது நம் மஞ்சாடி, முழுச் சிவப்பு. குண்டுமணிக்குச் சிவப்பு உடம்பில் கறுப்புக் கண் உண்டு. 'குண்டுமணித் தங்கம்' என்று வாய் நிறையச் சொல்கிறோமே, அதற்குள் ஏப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. தோல் கெட்டியாக இருக்கும்வரை நஞ்சு வெளியே வருவது கஷ்டம். நாமோ நகைக்காக அந்தத் தோலில்தான் துளை போடுகிறோம். தூள் மூக்கில் ஏறும், குழந்தை வாயில் வைத்தால் விபரீதம். என் மேசையில் குண்டுமணிக்கு இடமில்லை, அந்தச் சிவப்பும் கறுப்பும் வேண்டுமென்றால் கண்ணாடி மணியிலேயே கிடைக்கிறது. மஞ்சாடியையும் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குக் கொடுப்பதில்லை. ரப்பர் கொட்டையைப் பருப்போடு கோத்தால் பூச்சி வரும், எண்ணெய் கெட்டு நாறும். துளைத்துப் பருப்பை எடுத்து, வெறும் ஓடாக நன்றாகக் காயவைத்த பிறகே கோக்க வேண்டும்.

நகையோடு கொடுக்கும் அட்டையில் கதையின் ஒரு பத்தியையே அச்சடிப்பவர்கள் இருக்கிறார்கள். மலேசியாவில் எழுத்தாளர் வாழ்நாளும் அதற்குப் பின் 50 ஆண்டும் உரிமை அவருடையது. கதையை உங்கள் வார்த்தையில் இரண்டு வரி சொல்லுங்கள், எழுதியவர் பெயரைப் போடுங்கள். வரிகளே வேண்டுமென்றால் கேட்டு வாங்குங்கள். விலையில் மணிக் காசை மட்டும் கணக்குப் போடுவதும் தவறு. 1,700 வெள்ளி (ரிங்கிட்) குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை வைத்தே பார்த்தாலும் ஒரு மணி நேரத்துக்கு எட்டு வெள்ளிக்கு மேல் வருகிறது. ஐந்து மணி நேரம் பின்னிய தோட்டை இருபது வெள்ளிக்குக் கொடுத்தால், சரி, அதற்குப் பெயர் தர்மம்.

கடைசியாக, கதையில் வரும் தொழிலைத் தெரிந்தவரிடம் கேட்காமல் செய்வது. பழுப்பு மணியில் மரப்பட்டை, குறுக்கே சரிவாக ஒரு வெள்ளைக் கோடு என்று ஒரு ஜோடித் தோடு பின்னினேன். ஜோடி என்றால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் எதிரெதிரே இருக்க வேண்டும் என்று, ஒன்றில் கோடு இடமிருந்து வலம் இறங்கும், மற்றதில் வலமிருந்து இடம். மேசைக்கு வந்த ஓர் ஆயா, முப்பது வருடம் மரம் வெட்டியவர், இரண்டையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சரியா வெட்டியிருக்கும்மா. இதுல பால் அவ்வளவா வராதே" என்றார்.

பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக ஓடுவதில்லை, சற்றுச் சாய்ந்து ஏறுகின்றன. இடப்பக்க மேலிருந்து வலப்பக்கம் கீழாக வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபடும். இப்போது இரண்டு காதுக்கும் கோடு ஒரே பக்கம்தான் சரிகிறது. ஜோடி சேரவில்லையே என்று கேட்பவர்களுக்கு ஆயா சொன்னதைச் சொல்லிவிடுகிறேன்.