பழைய ராணுவத் துப்பாக்கியைச் சுடும் முன்

குமுளி, கூடலூர் போன்ற எல்லை மலைப்பகுதிகளில் பழைய ராணுவ ரைபிளை உரிமத்துடன் வைத்திருப்போர், அது பல தலைமுறை கண்ட உறுதியான ஆயுதம் என்ற நம்பிக்கையில் நேராகச் சுடும் களத்துக்குக் கொண்டுசெல்லக் கூடாது.

முதலில், ஆயுதப் பழுதுபார்ப்புக்கு உரிமம் பெற்ற வல்லுநரிடம் காட்டி, குழலுக்குள் குளவிக் கூடோ துருவோ விரிசலோ இருக்கிறதா என்றும், ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட்டின் (குழலின் பின்வாயை அடைக்கும் பூட்டுத்தண்டின்) முகப்புக்கும், தோட்டா மேலும் முன்னே நகராமல் தடுக்கும் அறைப்பகுதிக்கும் இடையிலான இடைவெளி, அளவுக்குள் உள்ளதா என்றும் சோதிக்க வேண்டும். .303 அங்குலத் தோட்டாவைச் சுடும் பழைய பிரிட்டிஷ் ராணுவ லீ என்ஃபீல்டு ரைபிள்களில் போல்ட்டின் எண்ணும் உடற்பகுதியின் எண்ணும் பொருந்தாவிட்டால், வேறொரு துப்பாக்கியின் போல்ட் மாட்டப்பட்டிருக்கலாம் என்பதால், இந்த இடைவெளிச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

தோற்றத்தை வைத்துத் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது மிகவும் ஆபத்தானது. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் 7.62 மி.மீ. தோட்டாவுக்காகத் தயாரிக்கப்பட்ட 2ஏ1 ரைபிள், பார்வைக்குப் பழைய .303 ரைபிளைப் போலவே இருக்கும். ஆகவே ரைபிள் எந்தத் தோட்டாவுக்கானது என்பதை வல்லுநரே உறுதிசெய்ய வேண்டும்.

சுடும்போது கண்ணாடியும் காதுக் காப்பும் கட்டாயம். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், தாமதமாக வெடிக்கக்கூடும் என்பதால், குழலை இலக்கை நோக்கியே வைத்து, குறைந்தது 30 வினாடி பொறுத்த பிறகே போல்ட்டைத் திறக்க வேண்டும்.

பழைய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் பிரைமர், அதாவது வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி, குழலுக்குள் உப்புப் படிவை விட்டுச்செல்லும். தென்மேற்குப் பருவமழையின் ஈரத்தில் அது குழலை விரைவில் அரித்துவிடும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது. அன்றைக்கே வெந்நீரால் கழுவி, நன்கு உலர்த்தி, அதன்பின் எண்ணெய் பூச வேண்டும்.